சிவப்புக் கரைக்கு எதற்கு இத்தனை காசு?

கனமான டெனிம் ஜாக்கெட் வாங்க நினைக்கும் மதுரை இளைஞர்கள் இப்போது முதலில் கேட்பது துணியின் எடையையோ தோள் அளவையோ அல்ல. 'செல்வெட்ஜ் உண்டா?' என்பதுதான் முதல் கேள்வி. துணியின் ஓரத்தில் வெள்ளைப் பட்டைக்கு நடுவே ஓடும் சிவப்பு நூலைக் காட்டிவிட்டால் விலை இரண்டு மடங்கானாலும் பேச்சில்லை. உண்மையில் செல்வெட்ஜ் என்ற அந்தப் பிரியாத ஓரம் நமக்குப் புதிய சங்கதியே இல்லை. நாடா ஓடும் தறியில் ஊடை நூல் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வருகிறது. அது திரும்பும் இடத்தில் ஓரம் தானாகவே கட்டிக்கொள்கிறது, பிரியாது. செல்லூர்த் துண்டுக்கும் சின்னாளபட்டிச் சேலைக்கும் இருப்பது அதே ஓரம்தான். புதிய அகலத் தறிகள் ஒவ்வொரு ஊடையையும் வெட்டிவிடுவதால் அங்கே ஓரம் குஞ்சம்போல நிற்கும். அந்தச் சிவப்பு நூலும் அலங்காரமாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் கோன் மில், லீவைஸ் நிறுவனத்துக்கு நெய்த துணியை அடையாளம் காண ஓட்டிய நூல் அது. நம் சலவைத் தொழிலாளி எந்த வீட்டு வேட்டி என்று தெரிய சேராங்கொட்டைப் பாலில் இட்ட குறிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வண்ணான் குறியைப் பார்த்து யாரும் வேட்டிக்கு விலை கூட்டிக் கொடுத்ததில்லை.

ஜாக்கெட்டைப் பொறுத்தவரை இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேண்ட்டின் வெளிப்பக்கத் தையல் ஏறக்குறைய நேர்கோடு. அங்கே துணியின் ஓரத்தை அப்படியே வைத்துத் தைக்கலாம், காலை மடித்துவிட்டால் வெளியேயும் தெரியும். ஜாக்கெட்டில் அப்படியான நேர்கோடு எங்கே இருக்கிறது? தோள், ஆர்ம்ஹோல், காலர் எல்லாமே வளைவு. கத்திரி போட்டதும் ஓரத்தில் பெரும்பகுதி வெட்டுத் துணியோடு போய்விடும். மிஞ்சினால் முன்பக்கப் பட்டன் பட்டியின் உள்ளே ஒரு சாண், இரண்டு சாண் கண்ணில் படும். இந்தத் துணியின் அகலமும் 30 அங்குலம் அளவில்தான் இருக்கும் என்பதால் ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று மீட்டர்வரை வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கரை தையல்காரரின் காலடியில் கிடக்கும்.

பழைய தறியில் மெதுவாக நெய்த துணியின் தரமே வேறு என்று ஆர்வலர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. நாடாத் தறியில் பாவு அவ்வளவு விறைப்பாக இழுபடுவதில்லை. அதனால் துணியின் முகத்தில் மேடுபள்ளம் தெரியும், நாளாக ஆக சாயம் ஒரே சீராக வெளுக்காமல் திட்டுத்திட்டாக இறங்கும். அந்த அழகு துணியின் முகத்தில் இருக்கிறது. தடவிப் பார்த்தால் கை சொல்லிவிடும், ஓரத்தைத் தேட வேண்டியதில்லை. 'மெதுவான கைவேலை' என்ற கதையைத்தான் நம்ப வேண்டாம். சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த ஜி வகைத் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் இயந்திரம், வேகத்துக்காகவே பிறந்தது. அதன் வாரிசுகளைத்தான் இன்று ஜப்பானின் ஒகயாமாவில் பழமையின் சின்னமாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் இத்துணிக்குப் பேர்போன கோன் நிறுவனத்தின் ஒயிட் ஓக் ஆலை 2017 முடிவில் மூடப்பட்டது. இன்று கரைக்குச் சேரும் விலையில் கிடைக்காமையின் பங்கும் கணிசம். எடை வேறு கணக்கு. 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 475 கிராம். கரை இல்லாத துணியிலும் அந்த எடை கிடைக்கும்.

காசு போக வேண்டிய இடம் தையல். துணியை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வது நம்மூர்த் தையல் கடைகளின் பழைய வழக்கம். சுருக்கம் எடுக்காமல் தறியிலிருந்து அப்படியே வரும் டெனிம் பத்து சதவீதம்வரைகூடச் சுருங்கும் என்பதால் அந்த வழக்கத்தை இங்கே மீறவே கூடாது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும்; பக்கவாட்டைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், தோளைத் திருத்த முடியாது. கை நீளத்தை இரண்டு விரற்கடை கூட்டியே வைக்க வேண்டும், முழங்கையில் மடிப்பு விழ விழக் கை மேலேறும். ஆர்ம்ஹோல் அக்குளை ஒட்டி இருந்தால்தான் பைக் கைப்பிடியைப் பிடிக்கும்போது ஜாக்கெட் மொத்தமும் தூக்கிக்கொண்டு போகாது. லீவைஸின் பழைய ஜாக்கெட்டுகளில் முன்பக்கம் மடிப்பு வைத்துச் சின்னக் கட்டமாகத் தைத்திருப்பார்கள். உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். பள்ளிச் சீருடைக்கு 'உள்ளே துணி விட்டுத் தையுங்க' என்று அம்மாக்கள் சொல்வது இதே அறிவுதான். 1962-ல் வந்த வடிவத்தில் அந்த மடிப்பு போய் நெஞ்சில் வி வடிவத் தையல் வந்தது. இன்று உலகம் முழுக்க நகலாவது அதுதான். நூலையும் கேட்டு வாங்க வேண்டும்: வெறும் பருத்தி நூல் சீக்கிரம் அறும், பாலியெஸ்டர் கருவின்மேல் பருத்தி சுற்றிய நூல் தாங்கும். நூலைப் பற்றி மதுரைக்கு யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். ஹார்வி குடும்பத்தின் மதுரா மில்லும் கோட்ஸும் 1974-ல் சேர்ந்து உருவான மதுரா கோட்ஸின் தையல் நூல் இல்லாத கடை குறைவு.

உள்ளூர் டெய்லரால் இதைத் தைக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. தோளும் கையும் சேரும் இடத்தில் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போடும்போது ஆறு, எட்டு அடுக்கு சேர்ந்துவிடும். பிளவுஸ் தைக்கும் மெஷினில் ஊசி ஒடியும். ஆனால் பையும் வண்டி சீட் உறையும் தைப்பவர்களிடம் கன மெஷின் இருக்கிறது. டெனிமை மக்களிடம் கொண்டுபோக டெய்லர்களையே நம்பிய பெரிய ஆலையும் உண்டு. 1995-ல் அகமதாபாத்தின் அர்விந்த், துணி, ஜிப், ரிவெட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு 'ரஃப் அண்ட் டஃப்' என்று நாடு முழுக்க விற்றது. தைத்துக் கொடுத்தவர்கள் தெருமுனை டெய்லர்கள். புது மண்டபத்தில் தலைமுறைகளாக உட்கார்ந்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்கள் ஒரு மாதிரியைக் கையில் கொடுத்தால் அதைப் பார்த்தே வெட்டிவிடுவார்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களிடம் கூலியில் பத்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசிவிட்டு, சிவப்பு நூலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதுதான் உறுத்துகிறது.

பழைய தோற்றத்தோடே ரெடிமேடில் மெத்தென்று கிடைக்கும்போது விறைத்த துணியோடு மல்லுக்கட்டுவானேன் என்றும் கேட்கலாம். அந்தப் பழசை யாரோ ஆலையில் தேய்த்திருக்கிறார்கள். மணலைப் பீய்ச்சி டெனிமை வெளுத்த துருக்கித் தொழிலாளர்களின் நுரையீரலில் சிலிக்கா படிந்து பலர் இறந்த பிறகு, 2009-ல் அந்த நாடு அம்முறைக்குத் தடை போட்டது. நாம் உடுத்தித் தேய்த்தால் அந்தச் செலவு இல்லை. நீலச் சாயம் நூலின் மேல்தோலில் மட்டும் நிற்கும், உள்ளே வெள்ளை. முழங்கை மடிப்பிலும் பாக்கெட் விளிம்பிலும் உரசும் இடமெல்லாம் தானே வெளுக்கும். கோடி வேட்டி நாலு சலவையில் பணிவதுபோல இதுவும் பணியும், நாலு மாதம் பிடிக்கும் என்பதுதான் கணக்கு. சித்திரையில் இதை மாட்டிக்கொண்டு மாசி வீதியில் நடக்கச் சொல்லவில்லை. மார்கழி, தை விடியற்காலையில் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பைக்கில் வேலைக்கு வருபவருக்குக் காற்றைத் தடுக்கும். கொடைக்கானலுக்கும் ஆகும். வருடத்தில் இரண்டு மாதமே போடும் உடுப்பு என்றால் முழங்கை வெளுக்க ஐந்தாறு வருடம் பிடிக்கும்; அதற்குள் உடம்பும் கொஞ்சம் பெருத்திருக்கும், உள்ளே விட்ட துணி அப்போதுதான் வேலைக்கு வரும்.