ரஷ்ய மொழியில் 'நீலம்' ஒன்று இல்லை, இரண்டு! கலர்தானே என்று தாண்டிப் போகலாமா?

ஆவடிக்கு ரஷ்யா புதுசு இல்லை. டி-72, டி-90 என்ற ரஷ்ய டாங்கிகள் 'அஜேயா', 'பீஷ்மா' என்ற பெயர்களில் உருவானது இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான். இன்றைக்கு நம் வீடுகளுக்குள் ரஷ்யா வருவது வேறு வழியில்: எம்.பி.பி.எஸ். வழியாக.

'கோர்ஸ் இங்கிலீஷ் மீடியம்தான், ரஷ்யன் எதுக்கு?' என்பது பல பெற்றோர்களின் கேள்வி. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் ஆங்கில வழிப் படிப்பைக் கேட்கின்றன, சரி. ஆனால் அதே விதிகள், படித்த வெளிநாட்டு நிறுவனத்திலேயே 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் கேட்கின்றன. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்யனில்தான் பேசுவார்.

கலரில் என்ன இருக்கிறது?

ரஷ்ய மொழியில் மஞ்சள், 'ஜோல்த்தி'. மஞ்சள் காமாலை, 'ஜெல்த்துகா'. சிவப்பு, 'க்ராஸ்னி'. ரூபெல்லா அம்மை, 'க்ராஸ்னுகா'. அடர்நீலம், 'சீனி' (சர்க்கரை இல்லை!). அடிபட்டுக் கன்றிப்போன இடம், 'சின்யாக்'. நோயாளி சொல்லும் பாதி அறிகுறி கலருக்குள்தான் இருக்கிறது. ஆப்பில் முதல் வாரத்திலேயே வந்துபோகும் இந்தச் சொற்களை எல்கேஜி பாடம் என்று ஸ்வைப் செய்துவிட்டுப் போவது தப்புக்கணக்கு.

இரண்டு நீலம் எப்படி?

வெளிர்நீலம், ரஷ்யர்களுக்கு 'கலுபோய்'. 'சீனி' வேறு, 'கலுபோய்' வேறு. நமக்குச் சிவப்பும் ரோஸும் எப்படித் தனித்தனியோ அப்படி. மாஸ்கோ மெட்ரோவில் 3-வது வழித்தடம் சீனி, 4-வது வழித்தடம் கலுபோய். இரண்டையும் 'ப்ளூ லைன்' என்று நினைத்தால் வேறு எங்கேயாவது போய் இறங்க வேண்டியதுதான்.

இது வெறும் பெயர் விஷயமும் இல்லை. 2007-ல் அமெரிக்க அறிவியல் அகாதமியின் இதழில் வெளியான ஆய்வில், ரஷ்ய மொழி பேசுபவர்களும் ஆங்கிலம் பேசுபவர்களும் நீலச் சாயல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு சாயல் 'சீனி', இன்னொன்று 'கலுபோய்' என்று அமைந்தபோது ரஷ்யர்கள் வேகமாகப் பிரித்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த வேகம் இல்லை. மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னதும் ரஷ்யர்களின் அந்த வேகமும் காணாமல் போனது. அதாவது, கண் பார்க்கும்போது மொழியும் கூடவே வேலை செய்கிறது.

தமிழருக்கு ஒரு பிளஸ்

பயப்படவும் தேவையில்லை. 'செம்மை' என்றால் நமக்குச் சிவப்பு, சிறப்பு இரண்டும்தானே? பழைய ரஷ்யனில் 'க்ராஸ்னி' என்றால் அழகு என்றும் பொருள். மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் பெயர் அப்படி வந்ததுதான். நாம் காயைப் 'பச்சையா இருக்கு' என்கிறோம். அவர்களும் பழுக்காத பழத்தைப் பச்சை என்றே சொல்கிறார்கள்: 'ஜெல்யோனி'. புடவைக் கடையில் மயில் கழுத்து, கிளிப்பச்சை என்று பிரித்துப் பேசத் தெரிந்த ஊருக்கு இரண்டு நீலம் ஒரு பெரிய விஷயமா?

கஷ்டம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் 'சிவப்பு' எதன் முன் வந்தாலும் சிவப்புதான். ரஷ்யனில் ஆண்பால் பெயருக்கு 'க்ராஸ்னி', பெண்பாலுக்கு 'க்ராஸ்னயா', ஒன்றன்பால் போன்ற மூன்றாவது பாலுக்கு 'க்ராஸ்னயே'. அதனால் கலரைத் தனியாக மனப்பாடம் செய்வது வீண். 'சிவப்பு பஸ்', 'சிவப்பு பை' என்று பொருளோடு சேர்த்துப் படிப்பதே சரி. அம்பத்தூரிலிருந்து வேலைக்குப் போகும் பஸ் பயணம் அதற்குப் போதும். ஜன்னலுக்கு வெளியே கலருக்கா பஞ்சம்?

சென்னையில் ஆழ்வார்பேட்டை ரஷ்யன் ஹவுஸ் பல வருடங்களாக ரஷ்ய மொழி கற்றுத்தருகிறது. லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி, குளிருக்கு ஜாக்கெட்டும் வாங்கி அனுப்பும் பெற்றோர், கிளம்புவதற்கு முன் சில மாத மொழி வகுப்புக்கும் பிள்ளையை அனுப்பலாம். 'எங்கே வலிக்குது?' என்று கேட்பதோடு, வரும் பதிலும் புரிந்தால்தான் அவர் டாக்டர்.