பாலும் முட்டையும் சேராத ஓட்ஸ் விசுக்கோத்து



சென்ற கிழமை வந்த கடிதங்களுள் ஒன்று என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றான். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. வீடு திரும்ப அந்தி சாய்ந்துவிடும். பசுப்பால் அவனுடலுக்கு ஒவ்வாதென வைத்தியர் விலக்கியிருக்கின்றார். சைவ வீடாதலால் முட்டை வாங்கும் வழக்கமும் இல்லை. கடை விசுக்கோத்துப் பெட்டியைத் திருப்பி வாசித்தாற் பெரும்பாலும் பால்மாவோ வெண்ணெயோ சேர்ந்திருக்கின்றது. "மற்றப் பிள்ளைகள் தின்பதற்கு ஏதும் நீட்டும்பொழுது, பசியில்லையென்று பொய் சொல்லி நிற்கின்றானாம். அவன் கையிற் கொடுத்தனுப்ப ஏதேனும் உண்டா?" என்று கேட்டிருக்கின்றார்.

உண்டு. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'அன்சாக் விசுக்கோத்து' என்றொரு பலகாரம் செய்வார்கள். முதலாம் உலகப் போரில் அவ்விரு நாட்டுப் படைகளுக்கும் சேர்த்து வழங்கிய பெயரே அன்சாக். 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எகிப்தை நோக்கிச் சென்ற அப்படைகளின் கப்பல்கள் நமது கொழும்புத் துறைமுகத்திலும் தங்கிச் சென்றன. (அவற்றுக்குக் காவலாக வந்த 'சிட்னி' என்னும் போர்க்கப்பலே, நம்மவர் பேச்சில் வாழும் அந்த 'எம்டன்' கப்பலை அம்மாதம் 9ஆந் திகதி தாக்கி அழித்தது.) இந்த விசுக்கோத்தில் முட்டை சேர்வதில்லை. ஓட்ஸையும் மாவையும் தேங்காய்ப்பூவையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது பாகு. வெண்ணெய் ஒன்றுதான் நமக்குத் தடை. அதனிடத்தில் தேங்காயெண்ணெயை வைத்துப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவில் அன்சாக் என்னும் பெயர் சட்டத்தாற் காக்கப்படுவது. பழைய முறையினின்றும் பெரிதும் விலகியதை அப்பெயரால் விற்றல் ஆகாது. நாம் விற்கப் போவதில்லையாயினும் ஓட்ஸ் விசுக்கோத்து என்றே அழைப்போம்.

ஓட்ஸ் ஒரு கோப்பை, கோதுமை மா ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ முக்காற் கோப்பை, சீவிய பனங்கட்டி அரைக் கோப்பை, கித்துள் பாணி ஒரு மேசைக்கரண்டி, தேங்காயெண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மாவிற் பாதிக்குக் குரக்கன் மா சேர்ப்பவர்கள் சேர்க்கலாம். நிறம் கறுக்கும், மணம் நன்றாயிருக்கும்.

தேங்காய்ப்பூவை எண்ணெயின்றித் தாச்சியில் இளஞ்சூட்டில் வறுத்து ஈரம் போக்கவேண்டும். ஈரம் நின்றால் விசுக்கோத்து இரண்டாம் நாளே பதத்துவிடும். பின்பு அதனுடன் ஓட்ஸ், மா, உப்பு ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். பனங்கட்டியை மூன்று மேசைக்கரண்டி நீரிற் கரைத்து வடித்து (குட்டானுக்குள் மண்ணும் தும்பும் இருக்குமன்றோ!), பாணியும் எண்ணெயும் சேர்த்துச் சூடாக்குக. கொதி வந்ததும் இறக்கி அப்பச்சோடாவைத் தூவினால் நுரைத்துப் பொங்கும். ஆகவே பாத்திரம் பெரிதாயிருக்கட்டும். அந்த நுரையோடே மாவில் ஊற்றிக் கரண்டியாற் பிசறவேண்டும்.

இனித்தான் நான் பிழைவிட்ட இடம். முதற்றடவை அவசரத்தில் சூட்டோடே உருட்டித் தட்டில் வைத்தேன். போறணைக்குள் எல்லாம் உருகிப் பரந்து ஒரே பாயாகிவிட்டன! வீட்டிலுள்ளவர்கள் அதனை உடைத்துத் தின்று தீர்த்தார்கள் என்பது வேறு கதை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே இளகிவிடும். நமது வெப்பத்தில் அது தானாக இறுகாது. ஆதலாற் கலவையை அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பின்னர் சிறு எலுமிச்சங்காயளவு உருண்டைகளாக்கி, விரலால் இலேசாக அமர்த்தி, இடைவெளி விட்டு வையுங்கள். முதலில் ஒன்றை மட்டும் வேகவைத்துப் பார்த்தல் நன்று. பரந்தால் ஒரு கரண்டி மா, உதிர்ந்தால் ஒரு கரண்டி நீர்.

160 பாகை செல்சியசிற் பதினைந்து நிமிடம் போதும். எடுக்கும்பொழுது மெதுவாயிருக்கும், வேகவில்லையென்று மீண்டும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஆறினால் முறுகும். போறணை இல்லாதவர்கள் கனத்த சட்டியில் மணல் பரப்பி, தட்டை அதன்மேல் வைத்து, மூடியின்மீதும் தணலிட்டு வேகவைக்கலாம்.

100 கிராம் ஓட்ஸிற் சுமார் 13 கிராம் புரதமும் 10 கிராம் நார்ப்பொருளும் உண்டு. அந்த நாரில் நீரிற் கரையும் பகுதி குடலிற் களிபோலாகிச் சமிபாட்டைத் தாமதிக்கச் செய்கின்றது. வெறும் இனிப்புத் தின்றவனுக்கு ஒரு மணி நேரத்திலேயே மீண்டும் பசிக்கும். இதனைத் தின்றவன் வகுப்பு முடியுமட்டும் தாங்குவான். ஆனாற் பனங்கட்டியும் இனிப்புத்தான். சீனியன்று என்பதற்காக அள்ளிப் போடவேண்டாம். ஒரு வேளைக்கு இரண்டு போதும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. ஓட்ஸ் பெட்டியையும் வாசித்தே வாங்குங்கள். பால்மா கலந்த வகைகளும் விற்பனைக்கு வருகின்றன. விசுக்கோத்தை நன்றாக ஆறவிட்டுக் காற்றுப்புகாத தகரப்பெட்டியில் அடைத்தால் ஒரு கிழமை இருக்கும். மகனின் சிறுபெட்டிக்குள் இரண்டை மட்டும் வையாமல் ஆறு வைத்து அனுப்புங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இம்முறை அவன் நீட்டட்டும்.