அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள வீட்டுக்குத் திருட்டு அலாரம் மாட்டியிருப்பவர்களாவது முழுவதும் படியுங்கள்.

எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் மூன்று மாதத்தில் நான்கு முறை சைரன் அலறிவிட்டது. நான்கும் நடுராத்திரி. முதல் தடவை தெருவே கூடியது. 100க்கு போன் செய்ததும் ரோந்துக் காவலர்கள் இருவர் பைக்கில் வந்தார்கள். டார்ச் அடித்து ஜன்னல்களைப் பார்த்தார்கள், சுவரேறிப் பின்கட்டையும் பார்த்தார்கள். சாவி யாரிடமும் இல்லை. அது விட்டு விட்டு விடியும் வரை அலறியது. இரண்டாம் தடவையும் வந்தார்கள். மூன்றாம் தடவை வர ஒரு மணி நேரமானது. நான்காம் தடவை 100க்கு யாரும் போன் செய்யவே இல்லை.

"போலீஸ் சரியில்லை" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்னிடம் படித்த ஒருவன் இப்போது காவலராக இருக்கிறான். "டீச்சர், சைரன் அடிச்சா அது திருடனா பல்லியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதே நேரம் ஊர்க்கோடியில விபத்துன்னு போன் வரும். இருக்கிறது ஒரு வண்டி" என்றான். அவன் பல்லி என்று சொன்னது வேடிக்கைக்கு இல்லை. சென்சார் கண்ணாடியின் மேல் பல்லி ஊர்ந்தாலோ, சிலந்தி வலை கட்டினாலோ, பேட்டரி தேய்ந்தாலோ அலாரம் அடித்துவிடும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3 கோடியே 60 லட்சம் அலாரம் அழைப்புகள் போலீசுக்குப் போயின. அங்கே திருட்டு அலாரங்களில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை பொய் என்பது கணக்கு. சால்ட் லேக் சிட்டியில் 2000ஆம் ஆண்டு ஒரு சட்டமே போட்டார்கள். அலாரம் அடித்தால் முதலில் தனியார் காவலாளி போய்ப் பார்க்க வேண்டும், ஆள் நுழைந்தது உண்மை என்றால்தான் போலீஸ் வரும். ஆபத்தில் இருப்பவர் தானே அழுத்தும் பொத்தானுக்கு மட்டும் போலீஸ் நேராக வந்துவிடும். பிரிட்டனிலும் பொய்யாக அடித்துக்கொண்டே இருக்கும் வீட்டுக்குப் போலீஸ் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. தனியார் காவலாளிக்கு மாதாமாதம் பணம் கட்டும் வசதி எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? நம் காவலர்கள் வரத்தான் வேண்டும். பத்தாவது முறையும் பல்லியாகத்தான் இருக்கும் என்று அவர்களாக முடிவு செய்யக் கூடாது. வந்து பார்த்ததை வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்தும் சொல்ல வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் வந்து நிற்கும்போது கதவைத் திறக்க ஒரு ஆள் இருக்க வேண்டாமா? ஆயிரக்கணக்கில் செலவழித்து அலாரம் மாட்டுகிறவர்கள், ஒரு சாவியை எதிர்வீட்டில் கொடுத்து வைக்க யோசிக்கிறார்கள். யாரை நம்பவில்லையோ, அவர்கள்தான் சத்தம் கேட்டு ஓடி வரவேண்டும்!

என் கவலை பூட்டிய வீட்டைப் பற்றி அல்ல. அதே தெருவில் எண்பது வயதுக்கு மேல் ஆன ஒரு அம்மா தனியாக இருக்கிறார். அவர் மகனும் ஒரு பொத்தான் மாட்டிக் கொடுத்திருக்கிறார். அதை அழுத்தினாலும் இதே சைரன்தான், இதே சத்தம்தான். இப்போது சைரன் கேட்டால் தெருவில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அந்த அம்மா குளியலறையில் விழுந்து கிடந்து அழுத்தினால் யார் எழுந்து போவார்கள்?

அதனால் பெற்றோருக்குப் பொத்தான் வைத்திருப்பவர்கள் அதற்கு வேறு சத்தம் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்து வீடுகளுக்கு அதைக் கேட்கவும் வையுங்கள். சென்சாரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை துடைக்க, பேட்டரி பார்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் போன் நம்பரோடு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து 100 அடித்தால் நம் ஊர்ப் போலீசுக்குப் போகாது. காவல் நிலையத்தின் நேரடி நம்பர், பகுதி எண்ணோடு, உங்கள் போனில் இருக்கிறதா? இல்லாதவர்கள் இன்றைக்கே அப்பா அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.