பாட்டனாரின் சைக்கிள்

உங்கள் இல்லத்தின் மூலையில் பாட்டனாரின் ராலி சைக்கிள் துருவேறிக் கிடக்கிறதா? பெயின்ட் அடிக்க விரையாதீர்கள். முதலில் அதன் வரலாற்றைக் கேளுங்கள்.

முகப்பிலுள்ள நாரைத்தலைச் சின்னத்தில் நாட்டிங்காம் எனும் ஊர்ப்பெயர் இருந்தால், அது இங்கிலாந்தில் உருவானது எனக் கொள்ளலாம். பின்சக்கரத்தில் மூன்று வேக ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருப்பின், அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். 55 என்று பொறித்திருந்தால் அந்த ஹப் 1955-இல் செய்யப்பட்டது. எனினும் ஒரு சாட்சி போதாது. சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். பிரேம் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புத்தாளால் தேய்த்தால் பழைய வண்ணமும் எழுத்தும் அழிந்துபோகும். அழிந்தபின் அடையாளம் ஏது? இறுகிய நட்டுகளில் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊற வையுங்கள். டயர், டியூப், பிரேக் கட்டைகளை மட்டும் புதிதாக மாற்றுங்கள். பாட்டனார் ஓட்டிய அதே நிறத்தில் பேரனும் ஓட்டட்டும்!