படிக்கட்டில் குடியிருப்பவர்கள்

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. பூமியை ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த எவனோ ஒருவன்தான் இதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய சந்தேகம். பொறுத்துப் பூமி ஆண்டவர்களின் சரித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்தே ஓய்ந்துபோனவர்களின் சரித்திரத்தை யாரும் எழுதுவதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துக் குழுக்களில் உதவிப் பயிற்சியாளர் என்று ஓர் உத்தியோகம் உண்டு. அந்தப் பழமொழியை நம்பி ஜீவனம் நடத்துகிறவர்களில் அவர்களுக்கு ஈடாக இன்னொரு கூட்டத்தைச் சொல்வது கடினம். "கதை எழுதுகிறவருக்குக் கூடைப்பந்து என்னத்துக்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குப் பந்தைப் பற்றி அக்கறை இல்லை. பந்தாடுகிறவர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும் கைதட்ட ஆயிரக்கணக்கில் ஜனங்கள் இருக்கிறார்கள். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் குறிப்புக் காகிதங்களோடு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் எனக்கு வேண்டியவன். கதாசிரியனுக்கு ராஜாவைவிட மந்திரியும், மந்திரியைவிட அவருடைய குமாஸ்தாவும் சுவாரஸ்யமான மனிதர்கள்.

அவன் ஏறி வருகிற படிகளைப் பாருங்கள். கல்லூரியில் ஆடி முடித்த பையன், அல்லது ஆடியவர்களுக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்த பையன், ஆட்டத்தை விட்டுப் பிரிய மனசில்லாமல் மேல்படிப்பு என்ற பெயரில் குழுவோடு ஒட்டிக்கொள்கிறான். படிப்புச் செலவு கழிகிறது. கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது. அடுத்த படி, எதிர்க் குழுக்களின் ஆட்டங்களை ராத்திரி முழுவதும் படத்தில் பார்த்து, வேண்டியதை வெட்டித் தொகுத்துத் தருவது. அதற்கடுத்த படி, குழுவின் பிரயாணம், ஹோட்டல், சாப்பாடு இவற்றுக்கெல்லாம் ஏற்பாடு செய்வது. இவ்வளவுக்கும் பிறகுதான் 'உதவிப் பயிற்சியாளர்' என்ற பெயர்.

அந்தப் பெயர் வந்ததும் ஊர் ஊராக அலைச்சல் ஆரம்பிக்கிறது. கோடைக்காலப் பந்தயங்களில் பள்ளிக்கூடப் பையன்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பதினாறு வயசுப் பிள்ளையிடம் நயந்து பேச வேண்டும். அவன் தாயாரிடமும் மாமனிடமும் அதைவிட நயமாகப் பேச வேண்டும். தன் பிள்ளையின் பிறந்த நாளுக்கு வீட்டில் இருக்க முடியாதவன், ஊரான் பிள்ளையின் பிறந்த நாளை ஞாபகமாகக் குறித்து வைத்துக்கொண்டு டெலிபோனில் வாழ்த்துகிறான். வந்து சேர்ந்த பையன் நன்றாக ஆடினால் தலைவர் மேதை. ஆடாவிட்டால், "இவனை யார் பிடித்து வந்தது?" என்று கேள்வி வரும்.

குழு தோற்றுத் தலைவரை நீக்கினால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் வருஷங்களுக்காகத் தலைவருக்கு லட்சக்கணக்கில், பெரிய கல்லூரியானால் கோடிக்கணக்கில் டாலர் கிடைக்கும். புதுத் தலைவர் தம்முடைய ஆட்களோடு வருவார். பழைய உதவியாளன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை கட்டுவான்.

இதைச் சொன்னால், "இது குருகுலவாசம் ஐயா! கஷ்டப்பட்டால்தானே வித்தை வரும்!" என்கிறார்கள். உடனே ராய் வில்லியம்ஸின் கதையை எடுத்து வீசுகிறார்கள். அவர் 1978-ல் வடக்குக் கரோலினா சர்வகலாசாலையில் உதவியாளராகச் சேர்ந்தபோது வருஷச் சம்பளம் 2,700 டாலர். மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். குழுவின் படம் போட்ட காலண்டர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மாநிலமெங்கும் விற்றுத்தான் குடும்பம் நடத்தினார். பத்து வருஷம் கழித்து, 1988-ல், கான்ஸாஸ் சர்வகலாசாலை அவரைத் தலைமைக்கு அழைத்தது. பிற்பாடு வடக்குக் கரோலினாவுக்கே தலைவராகத் திரும்பி, 2005, 2009, 2017 ஆகிய மூன்று வருஷங்களில் தேசிய வெற்றி கண்டார்.

உண்மைதான், பாராட்ட வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் இதிலிருந்து ஏற்படுகிற நியாயம் என்ன? காலண்டர் விற்றதனால் அவருக்கு ஆட்டத்தின் எந்த ரகசியம் விளங்கிற்று? அவர் காலண்டர் விற்றும்கூடப் பெரிய மனிதரானார் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். விற்றதனால்தான் ஆனார் என்று சொல்லாதீர்கள். தேர்த் திருவிழாவில் நெரிசலில் பிழைத்து வந்தவனைக் காட்டி நெரிசலுக்கு ஸ்தோத்திரம் பாடுவது போன்ற வாதம் அது.

குருகுலம் என்ற பேச்சின் சாயம் ஒரு தடவை நீதிமன்றத்திலேயே வெளுத்திருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை ஆள்கிற என்.ஸி.ஏ.ஏ. சங்கம் 1991-ல் ஒரு விதி செய்தது. ஒவ்வொரு கூடைப்பந்துக் குழுவின் நாலாவது பயிற்சியாளருக்கும் படிப்பு மாதங்களுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000 டாலர், ஆக 16,000 டாலருக்குமேல் எந்தக் கல்லூரியும் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்குமுன் இதே வேலையில் 60,000, 70,000 டாலர் வாங்கியவர்கள் இருந்தார்கள். சிக்கனம் வேண்டுமாம்! அதே 1991-ல்தான், தன் பந்தயங்களை டெலிவிஷனில் காட்ட ஸி.பி.எஸ். நிறுவனத்தோடு ஏழு வருஷத்துக்கு 100 கோடி டாலருக்குச் செய்த ஒப்பந்தமும் அமலுக்கு வந்தது. தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சிக்கனம் எப்போதுமே கடைசி நாற்காலியிலிருந்துதான் தொடங்குகிறது.

நார்மன் லா என்பவரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். இளைஞர்கள் தொழில் பழகுவதற்காகவே அந்த ஸ்தானத்தை ஒதுக்கியிருக்கிறோம் என்று சங்கம் வாதாடியது. இளைஞர்களுக்கு மட்டும்தான் என்று விதியில் எங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் திருப்பிக் கேட்டது. அனுபவசாலியையும் அதே குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள அந்த விதி தாராளமாக இடம் கொடுத்தது. 1998-ல் மேல்கோர்ட்டும் விதி செல்லாது என்று தீர்த்தது. அந்த வருஷமே ஜூரிகள் விதித்த நஷ்ட ஈடு, சட்டப்படி மும்மடங்காகி, 6 கோடியே 70 லட்சம் டாலரைத் தொட்டது. 1999-ல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு ராஜி ஆயிற்று. குருதட்சிணையைக் குருவே சிஷ்யனுக்குத் திருப்பிக் கொடுத்த அபூர்வ சம்பவம்!

பில் கத்ரிட்ஜைக் காட்டுகிறவர்களும் உண்டு. வடக்குக் கரோலினாவில் டீன் ஸ்மித்துக்கு 1967 முதல் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர் அவர். 1997-ல் ஸ்மித் விலகியபோது, அறுபதாவது வயசில் தலைவரானார். முதல் வருஷமே 34 ஆட்டங்களில் வெற்றி, நாலில் மட்டுமே தோல்வி. மூன்றே வருஷம் தலைமை வகித்து, அதில் இரண்டு தடவை குழுவைக் கடைசி நால்வரில் ஒன்றாகக் கொண்டு நிறுத்திவிட்டு ஓய்வு பெற்றார். அவர் விரும்பித்தான் ஸ்மித்தோடு தங்கினார். அந்த விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை. இவ்வளவு திறமை முப்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததே, அதை உலகம் 'அடக்கம்' என்று மெச்சிவிட்டுச் சும்மா இருந்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

பாராட்டு மேலே போகிற வேகத்தில் பழி கீழே வருகிறது. 2017 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் போலீஸார் நாலு கல்லூரிகளின் உதவிப் பயிற்சியாளர்களைக் கைது செய்தார்கள். தங்கள் ஆட்டக்காரர்களைச் சில தரகர்களின் பக்கம் திருப்பிவிட லஞ்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் ஒப்புக்கொண்டார்கள், இருவர் மூன்று மாதம் ஜெயிலுக்குப் போனார்கள். செய்தது குற்றம்தான், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்மீதுகூட வழக்கு வரவில்லை. கைதான நால்வரும் கறுப்பர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். கறுப்பு உதவியாளனை ஆள் பிடிக்கக் கெட்டிக்காரன் என்று புகழ்ந்து, அந்தப் புகழாலேயே அவனுக்குத் தலைமையின் கதவைச் சாத்துவது அங்கே பழைய வழக்கம்.

இப்போது எண்ணிக்கையைப் பார்ப்போம். முதல் வகுப்பில் 350-க்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. 2023-ல் விதியைத் தளர்த்தி, ஒரு குழுவுக்கு ஐந்து உதவியாளர்கள்வரை இருக்கலாம் என்றார்கள். நாற்காலிகள் கூடியதாகச் சந்தோஷப்பட்டார்கள். கூடினவை காத்திருக்கும் நாற்காலிகள். தலைமை நாற்காலி குழுவுக்கு ஒன்றுதானே! அதுவும் காலியாகும்போது யாருக்குப் போகும் என்பது யாருக்குத் தெரியும்? 2025-ல் ஆபர்ன் சர்வகலாசாலையில் ப்ரூஸ் பெர்ல் ஓய்வு பெற்றபோது, அவரிடம் உதவியாளராக இருந்த அவர் மகன் ஸ்டீவன் பெர்ல் தலைவரானார். அவரும் வருஷக்கணக்கில் படியேறியவர்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

"யாரும் வற்புறுத்தவில்லையே, அவர்களாகத்தானே வருகிறார்கள்" என்பது கடைசி வாதம். ஆம், ஆட்டத்தின்மேல் உள்ள பிரியத்தால் வருகிறார்கள். அந்தப் பிரியத்தைத்தான் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள். தொழிலை நேசிக்கிறவனுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்கிற இந்தக் கணக்கு எழுத்தாளனுக்கும் நன்றாகத் தெரிந்த கணக்கு.

நான் கேட்பது தானமல்ல. தலைவரின் ஒப்பந்தத்தோடு உதவியாளனின் சோறு அறுந்துபோகக் கூடாது. நீக்கும்போது தலைவருக்குக் கணக்குத் தீர்ப்பதுபோல் அவனுக்கும் தீர்க்க வேண்டும். அடிப்படியில் நிற்கிறவனுக்கும், செய்கிற வேலைக்கு உள்ள கூலி வேண்டும். இவற்றைச் செய்த பிறகு பொறுமையின் பெருமையை எவ்வளவு வேண்டுமானாலும் போதியுங்கள், கேட்கிறேன். அதுவரையில் அந்தப் பாதையைப் படிக்கட்டு என்று சொல்லாதீர்கள். படிக்கட்டு ஏறுவதற்காகக் கட்டப்படுவது. மனிதர்கள் அதிலேயே நரைத்துப்போவதற்காக அல்ல.