இக்வானா வளர்க்கிறீர்களா? முதலில் பல்பைப் பாருங்கள்!

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் வரிசையில் இப்போது இக்வானாவும் நம் வீட்டு ஹாலுக்கு வந்துவிட்டது. கையளவு பச்சைக் குட்டியாக வாங்கி வருகிறோம். நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து 5, 6 அடி வரும். 15 வருடங்களுக்கு மேலும் வாழும். ஆனால், வீட்டில் வளரும் பல குட்டிகள் அந்த வயதைப் பார்ப்பதில்லை. எலும்பு நோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வெயிலுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு?

இக்வானாவின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் காடுகள். அங்கே மரக்கிளையில் படுத்து வெயில் காயும். வெயிலில் உள்ள யு.வி.பி கதிர் தோலில் படும்போது உடலில் வைட்டமின் டி3 உருவாகிறது. சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் உடலில் சேர இந்த டி3 வேண்டும். அது கிடைக்காவிட்டால், உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். தாடை மென்மையாகி வீங்கும்; கால்கள் பருக்கும்; விரல்கள் நடுங்கும்; கிளையில் ஏற முடியாது.

எந்த பல்ப்?

வீட்டு எல்.இ.டி பல்பில் யு.வி.பி கிடையாது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலிலும் அது வடிகட்டப்பட்டுவிடும். ஊர்வனவற்றுக்கென விற்கும் யு.வி.பி டியூப் தனியாக வேண்டும். தினமும் 12 மணி நேரம் எரியட்டும். இரவில் முழு இருட்டு. வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் யு.வி.பி நாளடைவில் குறையும். அதனால், கம்பெனி சொல்லும் கெடுவில், பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிடுங்கள். மாட்டிய தேதியை டியூபிலேயே எழுதி வைத்தால் மறக்காது.

சூடு தரும் பல்ப் வேறு. அதன் கீழே உள்ள கிளையில் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இருக்கட்டும். மறுபக்கம் குளுமையாக இருந்தால், வேண்டும்போது நகர்ந்துகொள்ளும்.

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலையில் கம்பிவலைக் கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி மொட்டை மாடியில் வைக்கலாம். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடங்களில் உள்ளே கொதித்துவிடும்.

தட்டில் என்ன?

இக்வானா சுத்த சைவம். முட்டை, இறைச்சி, நாய் பிஸ்கட் எல்லாம் நாளடைவில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும், இவற்றோடு பொடியாக நறுக்கிய பூசணி, பீன்ஸ் கொடுக்கலாம். பப்பாளி, மாம்பழம் எப்போதாவது ஒரு துண்டு போதும். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை அன்றாட உணவாக்க வேண்டாம். மருந்து தெளித்த இலை வேண்டவே வேண்டாம். கால்சியம் பவுடரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்கள் மறக்காதீர்கள்

இக்வானாவின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபிறகு குழந்தைகள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பச்சை இக்வானா சைட்டஸ் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், 2024-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்வதும் கட்டாயம்.

தாடை வீக்கமோ நடுக்கமோ தெரிந்தால், பவுடரைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள். ஆரம்பத்திலேயே போனால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.