கழுவினால் மட்டும் போதாது

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டிலேயே பியர் தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. அளவையும் வயதையும் சட்டம் பார்த்துக்கொள்கிறது. போத்தலின் தூய்மையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துப்புரவு வேறு, கிருமிநீக்கம் வேறு. போத்தலின் அடியில் காய்ந்துபோன ஈஸ்ட் படிவுக்குள் நுண்ணுயிர்கள் பதுங்கிக்கொள்ளும். மேலே ஊற்றும் கிருமிநாசினி அங்கே எட்டாது. ஆகவே, கையுறை அணிந்து, சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் முதலில் ஊறவையுங்கள். பிறகு தூரிகையால் தேய்த்து நன்றாக அலசுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, படிவு இல்லையென்றால் மட்டுமே கிருமிநாசினியை ஊற்றுங்கள்.

அலட்சியம் செய்தால் சுவை கெடுவதோடு போகாது. பியர் ஈஸ்ட் உண்ண முடியாமல் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரினைச் சில காட்டு ஈஸ்டுகள் உண்டு, கரியமில வாயுவைப் பெருக்கும். மூடிய போத்தல் அழுத்தம் தாங்காமல் வெடித்தால், கண்ணாடிச் சில்லுகள் பறக்கும்.

இன்னொன்று: வீரியம் கூடும் என்று குளோரின் வெளுப்பானில் வினிகரைக் கலக்காதீர்கள். குளோரின் நச்சு வாயு கிளம்பும். அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறையில் அது பெரும் ஆபத்து.

பியர் தயாரிக்கக் கற்றுத்தருவோர், போத்தல் கழுவுவதிலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பேன்.